மூச்சடக்கி மூழ்குதல்

குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர் எவரும் சிறு பருவத்தில் ஒரு பந்தயத்தை ஆடாமல் இருந்திரார். இருவர் ஒரே நேரத்தில் தலையை நீருக்குள் அமிழ்த்துவர். கரையில் நிற்பவன் ஒன்று, இரண்டு என எண்ணுவான். பிந்தி எழுபவனே வென்றவன். முக்குளித்தல் என்று நாம் வழங்கும் இவ்விளையாட்டு, இன்று உலகெங்கும் பயிற்சியும் போட்டியும் விதிகளும் உடைய ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது. காற்றுக் கலம் எதையும் முதுகில் சுமக்காமல், உள்ளிழுத்த ஒரே மூச்சைத் துணையாகக் கொண்டு கடலுள் இறங்கும் இக்கலையை ஃப்ரீடைவிங் என்பர். 2009ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ஸ்தெஃபான் மிஃப்சூத் என்பார், நீரில் அசையாது கிடந்து 11 நிமிடம் 35 விநாடி மூச்சை அடக்கிக் காட்டினார். நம்மில் பெரும்பாலோர்க்கு ஒரு நிமிடம் கடப்பதே அரிது. இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது? உடல் அப்போது என்ன செய்கிறது? இதில் உள்ள அபாயம் யாது? இம்மூன்றையும் பற்றிச் சிறிது நோக்குவோம்.

மூச்சை அடக்கினால் திணறல் தோன்றுகிறது. பிராணவாயு தீர்ந்துவிட்டமையால் திணறுகிறோம் என்றே பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. உடல் உழைக்கும்போது பிராணவாயு செலவாகிக் கரியமில வாயு பிறக்கிறது. மூச்சு நின்றால் அவ்வாயு வெளியேற வழியின்றி இரத்தத்தில் மிகுகிறது. மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம் அம்மிகுதியை உணர்ந்து, மூச்சுவிடு என்று கட்டளை இடுகிறது. சுவாசத்தை இயல்பாக ஆள்வது கரியமில வாயுவே என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் இருவர் 1905ஆம் ஆண்டில் தெளிவாக்கினர். பிராணவாயுவின் குறைவை உணரும் உறுப்புகளும் கழுத்தின் பெரு நாடிகளருகே உண்டு. ஆயினும், அவற்றின் குரல் பிந்தியே எழும். முந்தி ஒலிப்பது கரியமில வாயுவின் மணியே. ஒரு வீட்டில் அரிசி குறைவதைக் கண்டு எழாமல், அடுப்பின் புகை மிகுவதைக் கண்டு எழுந்து ஓடும் காவலனைப் போன்றது இந்த ஏற்பாடு. இவ்வொரு செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் கூறப்போகும் அபாயம் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

மூச்சை அடக்குவோர் இரண்டு கட்டங்களைக் கடக்கின்றனர். முதற்கட்டம் எளியது, மனம் அமைதியாக இருக்கும். இரண்டாம் கட்டத்தில் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம், நம் விருப்பத்தைக் கேளாமலே வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கும். பழக்கமற்றவர் இவ்விடத்திலேயே அஞ்சி மூச்சை விட்டுவிடுகிறார். பழகியவரோ, இத்துடிப்பு வந்தவுடன் உயிருக்குக் கேடில்லை என்று அறிந்து, தசைகளைத் தளர்த்திப் பொறுத்திருக்கிறார்.

நீருக்குள் இறங்கும்போது உடல் வேறொரு வகையிலும் நமக்கு உதவுகிறது. குளிர்ந்த நீர் முகத்திலே படுவதும் மூச்சு நிற்பதும் ஒருசேர நிகழ்ந்தால், முகத்து நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம், பயிற்சியுடையாரிடம் 40க்குக் கீழும் இறங்குவதுண்டு. கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதனால், இரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் முதலுரிமையோடு செல்கிறது. பஞ்சகாலத்தில் குடும்பத் தலைவி முதியவர்க்கும் குழந்தைக்கும் முதலில் படியளப்பது போன்றது இது. வாத்துகளின் இதயம் நீருள் தணிவதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1870ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினார். பின்னர் 1940ஆம் ஆண்டில் ஷோலாண்டர் என்னும் அறிஞர் சீல் முதலிய கடல் விலங்குகளிடம் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலும் மூழ்கவல்ல சீல்களிடம் இவ்வியல்பு மிகச் சிறந்து விளங்குகிறது. அதன் சிறு சாயல் மனிதராகிய நம்மிடமும் இருக்கிறது என்பது வியப்பன்றோ?

மண்ணீரலும் இதில் பங்குகொள்கிறது. அஃது இரத்தச் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருக்கும் பை. மூச்சு நீண்ட நேரம் நிற்கும்போது அது சுருங்கி, அப்பணுக்களை இரத்த ஓட்டத்தில் விடுகிறது. பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் அதனால் உயர்கிறது. கொரிய நாட்டு மூழ்கு மகளிரை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், மண்ணீரலின் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தமை காணப்பட்டது. தென்கிழக்காசியக் கடல்களில் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த பஜாவ் மக்களின் மண்ணீரல், அண்டையில் வாழும் நிலத்து மக்களுடையதைக் காட்டிலும் ஏறத்தாழ பாதிப்பங்கு பெரிது என்றும், மூழ்காத பஜாவ் மக்களிடமும் இது காணப்படுவதால் பிறப்பின் வழி வந்தது என்றும் 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று. பல தலைமுறை உழைப்பு உடலின் அமைப்பிலேயே தன் முத்திரையைப் பதித்திருக்கிறது.

இனி ஆழத்தைப் பற்றி ஒரு சொல். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு காற்றுமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நுரையீரலின் காற்று பாதியாகச் சுருங்கும். 30 மீட்டரில் கால் பங்காகும். 6 லிட்டர் காற்றோடு இறங்கியவரிடம் அங்கே ஒன்றரை லிட்டரே இருக்கும். முழு வலிமையோடு மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் எஞ்சுகின்ற அளவு ஏறக்குறைய இதுவே. ஆகவே, அதற்குக் கீழே மார்புக்கூடு நொறுங்கிவிடும் என்று அறிஞர்கள் கணக்கிட்டனர். 1949ஆம் ஆண்டில் இத்தாலிய விமானப்படை அதிகாரி ரைமோந்தோ புக்கேர், அந்த 30 மீட்டர் ஆழத்தைத் தொட்டு உயிரோடு மீண்டார். 1976ஆம் ஆண்டில் ஜாக் மயோல், எடையின் துணையால் எல்பா தீவருகே 100 மீட்டர் ஆழம் சென்று வந்தார். அங்கே 6 லிட்டர் காற்று அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்டதாகவே சுருங்கியிருக்கும். கணக்கு எங்கே பிழைத்தது? விடை 1968ஆம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையில், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பும் முறையைக் கற்பித்துவந்த ராபர்ட் கிராஃப்ட் என்பவரை வைத்து ஆராய்ந்தபோது, ஆழத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் இரத்தம் கைகால்களிலிருந்து மார்புக்குள் வந்து, காற்று விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது தெரிந்தது. இரத்தம் நீரைப் போன்றது, அழுத்தத்தால் சுருங்காது. நொறுங்கவேண்டிய மார்பை அதுவே தாங்கிக்கொள்கிறது.

இவ்வளவும் விளையாட்டு வீரர்களின் செய்தி. வயிற்றுப் பிழைப்பாக மூழ்குவோரும் உலகில் உண்டு. கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்னும் மகளிர் சிப்பியும் நத்தையும் கடற்பாசியும் சேர்க்கக் கடலில் மூழ்குகின்றனர். நீருக்கு மேலே வந்தவுடன் அவர்கள் மூச்சை வெளிவிடும் சீழ்க்கை ஒலிக்குச் சும்பிசோரி என்று பெயர். அவர்களில் இன்று எஞ்சியிருப்போர் சில ஆயிரவரே; அவருள்ளும் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர். 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவர்களுடைய வாழ்வுமுறையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. இம்மகளிர் ஒரே மூச்சில் நெடுநேரம் கிடப்பதில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் எனச் சிறிது சிறிதாகப் பலமுறை மூழ்குவர். இடையிடையே மேலே வந்து இளைப்பாறுவர். கூட்டமாகவே கடலுக்குச் செல்வர். சாதனையை நாடாமல், மறுநாளும் கடலுக்கு வருவதை நாடியமையால் அமைந்த ஒழுங்கு அது.

தமிழராகிய நமக்கும் இத்தொழில் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்குமாக நம்மவர் மூழ்கிய வரலாறு மிகப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும் அதனை விவரித்திருக்கிறார். காலிலே கல்லைக் கட்டிய கயிற்றின் துணையால் விரைந்து இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாகச் சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டு, கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்டுவர். தோணியில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். 1961ஆம் ஆண்டுக்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நிகழவில்லை. ஆயினும், மூழ்குபவன் தன் கயிற்றை மைத்துனன் கையிலேதான் கொடுப்பான் என்ற பேச்சு இன்றும் வழங்குகிறது. தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று அறிந்தவன் கண்ணயரமாட்டான் அல்லவா? மேலே ஒருவர் விழித்திருந்தாலன்றிக் கீழே ஒருவர் மூழ்கலாகாது என்னும் விதி அதனுள் அடங்கியிருக்கிறது.

இன்றைய பயிற்சிமுறை என்ன என்பதைக் காண்போம். பயிற்சியின் பெரும்பகுதி நிலத்திலேயே நடைபெறுகிறது. பாயில் படுத்து உடலைத் தளர்த்தி, அட்டவணைப்படி மூச்சை அடக்குவர். ஒருவகை அட்டவணையில் அடக்கும் நேரம் மாறாது. இடையே இளைப்பாறும் நேரம் சிறிது சிறிதாகக் குறையும். இதனால் கரியமில வாயுவைப் பொறுக்கும் திறன் வளர்கிறது. மற்றொரு வகையில் இளைப்பாறும் நேரம் மாறாது. அடக்கும் நேரம் படிப்படியாகக் கூடும். இது பிராணவாயுக் குறைவுக்குப் பழக்குவது. விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகளை நெகிழ்த்துவதும், செவிப்பறையில் அழுத்தத்தைச் சமன் செய்யப் பழகுவதும் இவற்றோடு சேரும். எல்லாவற்றிலும் தலையாயது மன அமைதி. பதற்றமே பிராணவாயுவை மிகுதியாகச் செலவழிக்கிறது.

இங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. பயிற்சியால் நாம் பெறுவது பெரும்பாலும் மணியோசையைப் பொறுத்துக்கொள்ளும் திறன். களஞ்சியத்தில் அரிசி கூடிவிடுவதில்லை. இதனினும் கொடியது ஒன்று உண்டு. நீருள் நெடுநேரம் இருக்க விரும்பும் இளைஞர் சிலர், மூழ்குமுன் பலமுறை விரைவாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குகின்றனர். பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்வதாக அவர்கள் எண்ணம். இரத்தம் இயல்பாகவே நூற்றுக்கு 97 பங்கு அளவுக்குப் பிராணவாயுவால் நிறைந்திருக்கிறது. மேலும் சேர்க்க இடமே இல்லை. அவ்வாறு மூச்சு வாங்குவதால் நிகழ்வது கரியமில வாயு குறைவதொன்றே. மணி ஒலிப்பதற்கு முன்பே களஞ்சியம் காலியாகிவிடுகிறது. திணறலோ அச்சமோ இன்றி, நீந்திக்கொண்டிருக்கும்போதே நினைவு மறைந்துவிடும். இதன் காரணத்தை ஆல்பர்ட் கிரெய்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1961ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். இவ்வாறு உயிரிழப்பவர் நீந்தத் தெரியாதவர் அல்லர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே. ஆழக்கடலும் இதற்கு வேண்டுவதில்லை. இடுப்பளவு நீருள்ள நகரத்து நீச்சல் குளமே போதும்.

ஆழத்திலிருந்து மேலேறும்போதும் இத்தகைய இடர் உண்டு. கீழே அழுத்தம் மிகுதியாதலால், நுரையீரலில் எஞ்சிய சிறிதளவு பிராணவாயுவும் இரத்தத்துள் செல்லும். மேலேற அழுத்தம் குறைகிறது. இறுதிப் பத்து மீட்டரில் அது பாதியாகிவிடுகிறது. ஆதலின், கரை கண்ட பிறகு கலம் கவிழ்வது போல், நீர்ப்பரப்பை அடையும் தறுவாயிலோ, அடைந்து சில விநாடிகளிலோ மயக்கம் வருகிறது.

நிலத்தில் மயங்கி விழுபவருக்கு மூச்சுத் தானே திரும்பும். நீருள் மயங்கியவர்க்கோ திரும்பும் மூச்சே எமனாகும். அது காற்றுக்கு மாறாக நீரை உள்ளிழுக்கும். உடனே ஒருவர் அவரைத் தூக்கி முகத்தைக் காற்றில் நிறுத்தினால், பெரும்பாலும் சில விநாடிகளில் தெளிந்துவிடுவார். அருகில் எவரும் இல்லாவிடில் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை. ஆகவே, பின்வரும் விதிகளைப் பயிற்சியாளர்கள் ஒருமுகமாகக் கூறுகின்றனர். மூழ்குமுன் விரைந்து மூச்சு வாங்கலாகாது. தனியாக ஒருபோதும் மூழ்கலாகாது. ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று கண்காணிக்க வேண்டும். இருவரும் ஒருசேர மூழ்குவது துணையாகாது. எழுந்தவரை அரை நிமிடமேனும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். மூழ்கிய நேரத்தைப் போல இருமடங்கு நேரமாவது மேலே இளைப்பாறிய பிறகே மீண்டும் மூழ்க வேண்டும். இதயநோய், வலிப்பு நோய், நுரையீரல் நோய் உடையவர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. அட்டவணைப் பயிற்சியை வீட்டுக் குளியல் தொட்டியிலும் செய்தலாகாது.

பிறந்த ஊரின் ஆற்றையும் குளத்தையும் விட்டு, பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நீச்சல் குளங்களிலே பழகுகின்றனர். கைபேசியில் காணும் வியத்தகு காட்சிகள் அவர்களைத் தூண்டுகின்றன. அவர்களைத் தடுக்க வேண்டுவதில்லை. இது மனத்துக்கும் உடலுக்கும் நன்மை தரும் அரிய கலையே. முறையாகக் கற்பிப்பவரிடம் அனுப்புங்கள். அதற்கு முன், மூச்சுத் திணறல் என்பது பகைவனன்று, உடல் நமக்கென வைத்த காவலன் என்பதையும், அவனை ஏமாற்றி உறங்கவைத்துவிட்டு நீருள் செல்லலாகாது என்பதையும் வீட்டிலே சொல்லிக்கொடுங்கள். குளத்துக்குப் புறப்படும் பிள்ளையிடம், "நீ மூழ்கும்போது மேலே யார் இருப்பார்?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு பெயரை அவன் விடையாகக் கூறினால், நிம்மதியாக அனுப்பலாம்.