பருவங்கள் ஏன் மாறுகின்றன?

(வட்டகொடையில் ஆற்றிய உரை)

தைப்பொங்கலன்று அதிகாலையில் லயத்து வாசலிற் பானை ஏற்றும்போது நம் கைகள் குளிரால் விறைக்கின்றன. நுவரெலியாப் பக்கத்தில் உறைபனி விழுந்து தேயிலைத் தளிர் கருகுவதும் உண்டு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் அடுப்பிலே தெரியும். ஆகவே, பருவம் ஏன் மாறுகிறது என்பது நமக்கு வெறும் பள்ளிக்கூடக் கேள்வியன்று.

சூரியன் தொலைவிற் போய்விட்டதால் குளிர்கிறது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. ஜனவரி முதல் வாரத்திலேதான் பூமி சூரியனுக்கு மிக அருகே, ஏறக்குறைய 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றரில் இருக்கிறது. ஜூலையிலோ 15 கோடியே 20 இலட்சம்!

காரணம் தொலைவன்று, சாய்வு. பூமியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்வதால் கதிர் நிமிர்ந்து விழுகிறது, பகல் நீள்கிறது. டிசம்பரில் விலகிச் சாய்வதால் கதிர் சரிந்து பரவுகிறது, பகல் குறுகுகிறது.

நம் வட்டகொடை நிலநடுக்கோட்டிற்கு 7 பாகை வடக்கேதான் உள்ளது. இங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் 50 நிமிடமளவே வேற்றுமை. ஆகையால் நம் பருவங்களைக் காற்றே கொண்டுவருகிறது. மே முதல் ஆசியப் பெருநிலம் சூடேறிக் கடற்காற்றை இழுக்கிறது; தென்மேல் மழை நம் மலையிற் கொட்டுகிறது. மார்கழி, தையிலே வடகீழ்க் காற்றுத் தன் மழையைக் கிழக்குச் சரிவில் இறக்கிவிட்டு வருகிறது. நமக்குத் தெளிந்த வானம். மேகப் போர்வையில்லாத இரவில் நிலத்தின் சூடு வானுக்குப் போய்விடக் குளிர் பிறக்கிறது. பனி கருக்கும் அதே காலத்திலேதான் டிம்புளைத் தேயிலைக்கு மணமும் கூடுகிறது.

இனி, வீடுதோறும் நடக்கும் ஒரு வழக்கு. தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்பர் பெரியோர். டிசம்பர் 22இலேயே திரும்பிவிட்டது என்பர் படித்த பிள்ளைகள். பிள்ளைகள் சொல்வது சரி. ஆனால் முன்னோர் பிழைபடவில்லை. பூமியின் அச்சு, சுழலும் பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை எல்லையாகக் கொண்டது. எனவே ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாளாக இரண்டும் விலகின. 1700 ஆண்டுகளுக்கு முன் அவை ஒன்றாகவே இருந்தன. அன்று கண்ணாற் கண்டே நாள் குறித்தார்கள்!

அவர்கள் குறித்த நாளைக் காக்கும் நாம், அவர்கள் வானம் பார்த்த பழக்கத்தையும் காக்க வேண்டாமா? கோயில் முற்றத்தில் ஒரு கோலை நேராக நாட்டுவோம். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 7, 8ஆம் நாட்களில், நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில் அதன் நிழல் மறையும். பின்பு செப்டெம்பர் தொடக்கம்வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். பாட்டனும் பேரனும் அருகருகே நின்று அதைப் பார்க்கட்டும்; வழக்குத் தானே தீரும்.