கீழ்க்காய் நெல்லியிடம் ஒரு கேள்வி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிளிநொச்சியில் என்னிடம் வரும் நோயாளரும், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் தொலைபேசியில் அழைக்கும் எமது பழைய மாணவிகளும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டொக்டர், இதுக்கு எங்கட மூலிகை ஒண்டும் இல்லையோ?"

அந்தக் கேள்வியை நான் சிரித்துத் தட்டிவிடுவதில்லை. தொண்ணூறுகளில் வன்னியில் படித்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பெனடோல் கார்ட்டே பெரிய சொத்து. 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து, ஸ்கந்தபுரத்திலும் மல்லாவியிலும் மரநிழலில் வகுப்பு நடந்த நாட்களில், காய்ச்சலுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும், செங்கண்மாரிக்குக் கீழ்க்காய் நெல்லியும்தான் கைக்கெட்டிய மருந்து. அம்மம்மாமாரும் ஊர்ப் பரியாரியாரும் எம்மைக் கைவிடவில்லை. அந்த அறிவைத் தாழ்த்த நான் இங்கு வரவில்லை. அதை முறையாகச் சோதிப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை என்று சொல்லவே வந்தேன்.

கீழ்க்காய் நெல்லியையே எடுத்துக்கொள்வோம். செங்கண்மாரி என்பது ஒரு தனி நோயின் பெயரல்ல. ஈரல் பாதிக்கப்படும்போது கண்ணில் தெரியும் அடையாளம். அழுக்கு நீரால் பரவும் ஏ வகை வைரஸ் அதற்கு ஒரு காரணம். 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் பரவியதும் அதுதான். பெரும்பாலானோருக்கு அது சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். இலைச்சாறு குடித்தவரும் சுகமாவார், குடிக்காதவரும் சுகமாவார். ஆனால் குடித்தவர் இலைக்கு நன்றி சொல்வார்.

பீ வகை வைரஸ் அப்படியல்ல. அது குருதி மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுகிறது. வளர்ந்தவர்களின் உடல் பெரும்பாலும் அதை வென்றுவிடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ பத்தில் ஒன்பது பேரளவில் அதை நெடுங்காலம் சுமக்கிறார்கள். பல ஆண்டுகள் ஒரு நோவும் இராது. பிறகு ஈரல் சுருக்கமோ ஈரல் புற்றுநோயோ வரலாம்.

இந்த வைரஸைச் சுமப்பவர்களிடம்தான் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் அவரது குழுவினரும் கீழ்க்காய் நெல்லியைச் சோதித்தார்கள். அவர்களோடு இணைந்தவர் பாருக் புளூம்பேர்க். பீ வகை வைரஸைக் கண்டறிந்த பணிக்காக 1976 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1988 இல் 'லான்செற்' சஞ்சிகையில் முடிவு வெளியானது. முப்பது நாள் மூலிகைத் தூள் எடுத்த 37 பேரில் 22 பேரின் குருதியில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. உலகமே எமது வேலியோரச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஒரு முடிவு நிலைக்க வேண்டுமானால் வேறு இடத்தில், வேறு கைகளிலும் அது திரும்ப வரவேண்டும். 1990 இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. 1994 இல் நியூசிலாந்தில் வெளியான ஆய்விலும் இல்லை. ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்கள் இதில் உண்டு. மண்ணும் பறிக்கும் பருவமும் மாறினால் இலையின் சத்தும் மாறும் என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். எனினும் பின்னர் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு, நோயாளிக்குக் கொடுக்கப் போதுமான சான்று கிடைக்கவில்லை.

"ஆய்வுகூடத்தில் வைரஸைக் கொன்றது" என்று கைத்தொலைபேசியில் வரும் செய்திகளை இந்த அளவுகோலால் பாருங்கள். கண்ணாடிக் குழாயில் கொரோனா வைரஸைச் சவர்க்காரமும் கொல்லும். அதற்காகச் சவர்க்காரத்தைக் குடிப்போமா? 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியாயிற்று.

செடியில் மருந்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இன்புளுவென்சாவுக்குக் கொடுக்கும் ஒசெல்ராமிவிர் மாத்திரையின் மூலப்பொருள் அன்னாசிப்பூ என்ற வாசனைத் திரவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அன்னாசிப்பூவை அவித்துக் குடித்தால் அந்த மருந்து கிடைக்காது. செடிக்கும் மாத்திரைக்கும் நடுவே பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

டெங்குவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். பப்பாசி இலைச்சாறு குருதிச் சிறுதட்டுகளைச் சற்றுக் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் குருதி நாளங்களிலிருந்து நீர்ப்பாயம் கசிவதுதான். அதுவும் காய்ச்சல் விடும்போது, "பிள்ளைக்குச் சுகம்" என்று வீட்டார் ஆறுதலடையும் வேளையில் தொடங்குகிறது. சாற்றை நம்பி வீட்டில் வைத்திருக்கும் அந்த ஒரு நாளுக்குத்தான் நான் பயப்படுகிறேன். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். அஸ்பிரின், புரூபன் கொடுக்க வேண்டாம். கொத்தமல்லித் தண்ணீர் கொடுங்கள், அதுவும் நீராகாரம்தானே. வைத்தியசாலைக்கு வரும்போது என்ன மூலிகை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் ஏசமாட்டோம்.

என் வயதுத் தோழியரிடம் ஒரு வேண்டுகோள். பீ வகைத் தடுப்பூசி இலங்கையின் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2003 இல். நாங்கள் அதற்கு முன் பிறந்தவர்கள். எமது நாட்டில் இந்நோய் குறைவுதான். ஆனாலும் குடும்பத்தில் ஈரல் நோய் இருந்தால், குருதி ஏற்றியிருந்தால், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இன்று உண்டு.

இப்போது படிக்கும் தங்கைமாருக்கு ஒன்று. இடப்பெயர்வில் எத்தனையோ வீட்டு ஏடுகள் அழிந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அம்மம்மாவிடம் இருந்து கேளுங்கள்: எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கொடுக்கக்கூடாது. செடியையும் உலர்த்தி ஒட்டி எழுதி வையுங்கள். அறிவியல்நகரில், எமது வாசலிலேயே, பல்கலைக்கழக பீடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் எமது பழைய மாணவிகள் இருக்கிறார்கள். நீங்கள் எழுதி வைப்பதை அவர்கள் சோதிக்கலாம்.

கீழ்க்காய் நெல்லியிடம் சென்னையில் ஒரு கேள்வி கேட்டார்கள். கிடைத்த பதில் முழுமையாகவில்லை. அடுத்த கேள்வியை வன்னியில் இருந்து ஒரு பெண் கேட்கட்டும்.