கட்டட அனுமதியும் சுயேச்சைக் குழுவும்: சிட்னி நகரின் அனுபவம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். சென்ற இடத்தில் அவர்களுக்கு முதலில் வேண்டியது வேலையும் வீடும். அதற்கு அடுத்தபடியாக, கூடித் தொழுவதற்கு ஓர் இடம். வாடகைக் கூடத்தில் தொழுது வந்தவர்கள் சொந்த நிலம் வாங்கிப் பள்ளிவாசல் எழுப்ப முனையும்போதுதான் "அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கின்றனர், அனுமதி கிடைக்குமா?" என்னும் கவலை பிறக்கிறது. அந்த அனுமதியை வழங்குபவர் யார், எதை வைத்து வழங்குகிறார் என்பதை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தை, குறிப்பாக அதன் தலைநகரான சிட்னியை எடுத்துக்கொண்டு விளக்க விரும்புகிறேன். பள்ளிவாசலுக்கு மட்டுமன்றி, அடுக்குமாடிக் குடியிருப்பு, மதுக்கடை, பழைய கட்டட இடிப்பு என எல்லாவற்றுக்கும் பொருந்தும் நடைமுறை இது.

மன்ற உறுப்பினர்கள் முடிவு செய்த காலம்

நியூ சவுத் வேல்ஸில் நிலத்தின் பயன்பாட்டையும் கட்டட அனுமதியையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படைச் சட்டம் 1979ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி உள்ளூர் விண்ணப்பங்களை முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் நகர மன்றங்களிடம் இருந்தது. சிறிய விண்ணப்பங்களை மன்ற அலுவலர்களே முடித்து விடுவர். சர்ச்சைக்குரியவை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்குச் செல்லும்.

மக்களின் பிரதிநிதிகள் மக்களின் விவகாரத்தை முடிவு செய்வதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே இரு வகையான நெருக்கடிகள் தோன்றின.

ஒன்று, பணத்தின் நெருக்கடி. ஒரு மாடிக்குப் பதிலாக ஆறு மாடி கட்ட அனுமதி கிடைத்தால் நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்து விடும். ஆகவே அனுமதி வழங்கும் கையை நோக்கிப் பணம் படையெடுக்கிறது. வொல்லொங்கொங் நகர மன்றத்தில் கட்டட முதலாளிகளுக்கும் மன்றத்தைச் சேர்ந்தோருக்கும் இடையில் நிலவிய முறையற்ற உறவுகளை, ஊழலுக்கு எதிரான மாநில ஆணையம் 2008இல் வெளிப்படுத்தியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அம்மன்றம் கலைக்கப்பட்டு, 2011 வரை நிர்வாகிகளின் பொறுப்பில் இருந்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிட்னியின் ஆபர்ன் மன்றமும், கட்டட விவகாரங்களில் உறுப்பினர்களின் நடத்தை பற்றி எழுந்த புகார்களையொட்டி இடைநிறுத்தம் செய்யப்பட்டது.

மற்றொன்று, வாக்கின் நெருக்கடி. ஆட்சேபிப்போர் ஆயிரம் பேர், விண்ணப்பிப்போர் ஐம்பது பேர் என்றால், அடுத்த தேர்தலைச் சந்திக்க வேண்டிய உறுப்பினரின் மனம் எந்தப் பக்கம் சாயும்? விண்ணப்பம் விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டதாயினும் கையை உயர்த்த அவர் தயங்குவார். சிறுபான்மையினருக்குப் பெருங்கவலை தருவது இதுவே.

குழுவின் அமைப்பு

இந்நிலையில் சில மன்றங்கள் தாமாகவே சுயேச்சைக் குழுக்களை அமைத்துக்கொண்டன. பின்னர் மாநில அரசு 2017இல் சட்டத்தைத் திருத்தியது. 2018ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் முதல் சிட்னிப் பெருநகரத்தின் எல்லா மன்றங்களுக்கும் வொல்லொங்கொங்குக்கும் இக்குழுக்கள் கட்டாயமாயின. உள்ளூர்த் திட்டமிடல் குழு என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம்.

ஒவ்வொரு குழுவிலும் நால்வர் அமர்வர். ஒருவர் தலைவர், இருவர் நகரத் திட்டமிடல், கட்டடக்கலை, சட்டம் போன்ற துறைகளில் தேர்ந்த வல்லுநர், நான்காமவர் அவ்வட்டாரத்து மக்களின் சார்பில் அமர்பவர். தலைவரும் வல்லுநரும் அமைச்சரின் ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து வருகின்றனர். மக்கள் பிரதிநிதியை மன்றம் தேர்ந்தெடுக்கிறது. வாக்குகள் இரண்டுக்கு இரண்டு எனச் சமமானால் தலைவருக்குக் கூடுதல் வாக்கு உண்டு.

யார் அமரக் கூடாது என்பதையும் சட்டம் வரையறுத்தது. நகர மன்ற உறுப்பினர் அமரக் கூடாது. கட்டடத் தொழில் முதலாளி அமரக் கூடாது. நிலத் தரகர் அமரக் கூடாது. அமர்ந்திருப்பவருக்கும் குறிப்பிட்ட விண்ணப்பத்தில் சொந்த நலன் இருந்தால், அதை வெளிப்படையாக அறிவித்து விலகிக்கொள்ள வேண்டும்.

எல்லா விண்ணப்பங்களும் குழுவுக்குச் செல்வதில்லை. பெரும்பாலானவற்றை அலுவலர்களே முடித்து விடுகின்றனர். 2018இல் வெளியான அமைச்சரின் ஆணை நான்கு வகையானவற்றைக் குழுவிடம் ஒப்படைத்தது. மன்றத்துக்கோ அதன் உறுப்பினர்களுக்கோ சொந்த நலன் உள்ளவை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனி ஆட்சேபணைகள் வந்தவை. உயரம், பரப்பு போன்ற விதியளவை 10 சதவீதத்துக்கு மேல் மீறுபவை. பாரம்பரியக் கட்டடத்தை இடிப்பது போன்ற கவனத்துக்குரியவை.

இங்கே "தனித்தனி" என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஒரே வாசகத்தை அச்சிட்டு ஐந்நூறு பேரிடம் கையொப்பம் வாங்கி அனுப்பினால், அது ஐந்நூறு ஆட்சேபணைகளாகக் கணக்கிடப்படுவதில்லை. தம் வீட்டுக்கு என்ன பாதிப்பு என்பதை ஒருவர் தம் சொந்த வார்த்தையில் எழுதினால்தான் அது தனி ஆட்சேபணை. அப்படிப் பத்து வந்தாலும், விண்ணப்பத்தை யார் முடிவு செய்வது என்பதை மட்டுமே அந்த எண்ணிக்கை தீர்மானிக்கிறது. முடிவு என்ன என்பதைக் காரணங்கள் தீர்மானிக்கின்றன.

விசாரணை நடைபெறும் விதம்

விண்ணப்பம் வந்ததும் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு அனுப்பப்படுகிறது. வரைபடங்களைப் பார்த்துக் கருத்து எழுத அவகாசம் தரப்படுகிறது. மன்றத்தின் அலுவலர் எல்லாவற்றையும் ஆராய்ந்து, வந்த ஆட்சேபணை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, தமது பரிந்துரையுடன் அறிக்கை தயாரிக்கிறார். கூட்டத்துக்கு முன்பே அவ்வறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அப்பரிந்துரைக்குக் குழு கட்டுப்பட்டதன்று. ஏற்கலாம், மாற்றலாம், தள்ளலாம்.

பொதுக் கூட்டத்தில், முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் சில நிமிடங்கள் பேசலாம். விண்ணப்பதாரரும் பேசலாம். பிறகு குழு முடிவெடுத்து, காரணங்களையும் யார் எப்படி வாக்களித்தனர் என்பதையும் எழுதி வெளியிடுகிறது. 2020ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பிறகு, தனித்தனி ஆட்சேபணைகள் பத்தை எட்டாத விண்ணப்பங்களைப் பொதுக் கூட்டம் இன்றியே முடிக்கவும் வழி ஏற்பட்டது.

குழு எதை எடைபோடுகிறது? அவ்வட்டாரத்தின் திட்ட விதிகள், சுற்றுச்சூழலிலும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்படக்கூடிய விளைவுகள், நிலத்தின் பொருத்தம், வந்த கருத்துகள், பொதுநலன் ஆகியவையே முதன்மையானவை. விண்ணப்பிப்பவர் எந்த இனத்தவர், எந்தச் சமயத்தவர் என்பது இதில் இடம்பெறவில்லை.

மூன்று வழக்குகள் கூறும் பாடம்

ஏட்டில் உள்ள இக்கோட்பாடு நடைமுறையில் நிற்குமா? குழுக்கள் கட்டாயமாவதற்கு முன்பே நீதிமன்றத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் சென்ற மூன்று வழக்குகள் அதற்கு விடை தருகின்றன. முதல் இரண்டும் நியூ சவுத் வேல்ஸின் நில, சுற்றுச்சூழல் நீதிமன்றத்தில் நடைபெற்றவை. அந்நீதிமன்றம் மேல்முறையீட்டில் விண்ணப்பத்தைப் புதிதாகவே ஆராய்கிறது. குழு பயன்படுத்தும் அதே அளவுகோல்தான் அங்கும்.

சிட்னியின் வடமேற்கே அன்னாங்குரோவ் என்னும் இடத்தில் முஸ்லிம்களின் தொழுகைக் கூடத்துக்கான விண்ணப்பத்தை அன்றைய பால்கம் ஹில்ஸ் மன்றம் 2002இல் நிராகரித்தது. மக்களிடையே அச்சமும் எதிர்ப்பும் மிகுந்திருந்தன. 2003இல் நீதிமன்றம் அனுமதி வழங்கியது. அச்சம் இருப்பதாகச் சொன்னால் மட்டும் போதாது. அதற்கு ஆராய்ந்து பார்க்கத்தக்க அடிப்படை இருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சிட்னியின் தென்மேற்கே காம்டனில் 1,200 மாணவர் பயிலக்கூடிய இஸ்லாமியப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கான விண்ணப்பத்தை 2008 மே மாதத்தில் மன்றம் நிராகரித்தது. அங்கும் எதிர்ப்பில் வெறுப்பின் குரல் கலந்திருந்தது. ஆனால் 2009இல் நீதிமன்றமும் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவ்விடத்தின் கிராமப்புறத் தன்மைக்கு அத்தனை பெரிய அமைப்பு பொருந்தவில்லை என்பதே காரணம். எதிர்ப்பவர் சிலரின் நோக்கம் தவறாக இருப்பதால் மட்டும் நம் விண்ணப்பம் சரியானதாகி விடாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

மூன்றாவது, அண்டை மாநிலமான விக்டோரியாவின் பெண்டிகோ நகரத்தைச் சேர்ந்தது. அங்கே மன்ற உறுப்பினர்களே 2014 ஜூனில் பள்ளிவாசலுக்கு அனுமதி அளித்தனர். நெருக்கடிக்கு நடுவிலும் விதிப்படி நடந்த அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எதிர்ப்பாளர்களின் கூச்சலால் 2015 செப்டம்பரில் ஒரு மன்றக் கூட்டமே கைவிடப்பட்டது. எனினும் மாநிலத் தீர்ப்பாயம் 2015 ஆகஸ்டில் அனுமதியை உறுதி செய்திருந்தது. 2016 ஜூனில் நாட்டின் உயர் நீதிமன்றம் எதிர்ப்பாளர்களின் மனுவை ஏற்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது. இவ்வளவு அலைச்சலுக்கும் ஆன காலம் இரண்டு ஆண்டுகள்.

குறைகளும் உண்டு

சுயேச்சைக் குழு முறையைக் குறையற்றதென்று நான் கூற வரவில்லை. குழுவினரை மக்கள் தேர்தலில் மாற்ற இயலாது. வல்லுநர் வேறு பகுதியிலிருந்து வருவதால் தெருவின் பழக்கவழக்கம் அவருக்குத் தெரியாமல் போகலாம். அனுமதி மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் நீதிமன்றம் சென்று விண்ணப்பத்தைப் புதிதாக ஆராயச் சொல்லலாம். ஆட்சேபித்தவருக்கோ பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்த உரிமை இல்லை. இது சமமான நீதியா என்று அங்குள்ளோர் கேட்கின்றனர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எனினும் மன்ற உறுப்பினர்களின் கையிலிருந்து எல்லாம் பறிக்கப்படவில்லை. வட்டாரத்தின் நிலத் திட்டத்தை வகுப்பதில் அவர்களுக்கு இன்னும் பங்குண்டு. எந்தப் பகுதியில் வீடு, எந்தப் பகுதியில் கடை, எந்தப் பகுதியில் வழிபாட்டுத் தலம் என்பது அத்திட்டத்தில்தான் முடிவாகிறது. விதியை வகுப்பது மக்கள் பிரதிநிதியின் பணி. வகுத்த விதியை ஒரு விண்ணப்பத்துக்குப் பொருத்திப் பார்ப்பது நடுவரின் பணி. இரண்டையும் ஒரே கையில் கொடுப்பதைவிடப் பிரித்து வைப்பது நன்று என்பதே என் கருத்து.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

அன்பார்ந்த சகோதரர்களே! நம் பிள்ளைகள் இது பற்றி யோசனை கேட்டால் நான்கு செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள்.

முதலாவது, நிலம் வாங்குவதற்கு முன் அவ்விடத்தில் வழிபாட்டுத் தலத்துக்கு இடமுண்டா என்று திட்ட ஆவணத்தைப் பார்க்க வேண்டும். மக்கள் தந்த பணத்தில் நிலத்தை வாங்கி விட்டுப் பிறகு தடை இருப்பதை அறிவது அமானிதத்துக்கு உகந்ததன்று.

இரண்டாவது, ஜும்ஆவுக்கு எத்தனை வாகனங்கள் வரும், அவை எங்கே நிற்கும், ரமளான் இரவுகளில் எத்தனை மணி வரை கூட்டம் இருக்கும் என்பவற்றை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி அனுமதி பெற்றால், அந்த எண்ணிக்கையே நிபந்தனையாகி, பின்னாளில் வாசலில் வந்து நிற்கும்.

மூன்றாவது, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டாரைச் சந்தித்துப் பேச வேண்டும். வாகன நெரிசலைப் பற்றிக் கவலைப்படுபவரை வெறுப்பாளர் பட்டியலில் சேர்த்து விடக் கூடாது. அவரது கவலைக்கு வரைபடத்தில் விடை கொடுத்து விட்டால், அவரது ஆட்சேபணைக்கு வலுவிருக்காது.

நான்காவது, நாம் ஆட்சேபிக்கும் இடத்தில் இருக்கும்போதும் இதே நேர்மை வேண்டும். வேறு சமயத்தாரின் ஆலயமோ வேறொருவரின் கடையோ வரும்போது, அதன் உயரம், இரைச்சல், போக்குவரத்து ஆகியவற்றைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும். நமக்குப் பொருத்தக் கூடாது என்று நாம் வாதிடும் அளவுகோலைப் பிறருக்கு எடுத்துச் செல்லலாகாது.

ஐம்பது பேர் கொண்ட சிறு கூட்டம், ஆயிரம் பேர் எதிர்த்த இடத்திலும் தன் நியாயத்தைச் சொல்லி அனுமதி பெற வழியுண்டு என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அப்பாதுகாப்பைப் பயன்படுத்தத் தேவையானவை முறையான வரைபடமும், உண்மையான கணக்கும், பொறுமையான நாவும்தான். அவற்றைத் தேடிக்கொள்ளும் ஆற்றலை வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக.