சுரங்கத்துக்குப் பக்கத்தில் நிலமா? நோட்டு ஒன்று போடுங்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)



நம்ம அரியலூர்ப் பக்கம் ஏர் ஓட்டும்போது கிளிஞ்சல் பதிந்த கல் அகப்படும். பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான் சுண்ணாம்புக்கல். அதை நம்பி 1979-ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகளும் வந்தன. வேலை கிடைத்தது, கடைகண்ணி பெருகியது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தூசியும் குழியும் கூடவே வந்தன.

தூசி பயிரை என்ன செய்யும்? சிமெண்ட் தூசி பனி ஈரத்தில் இலைமேல் பற்றுப் போட்டாற்போல் காய்ந்துவிடும். வெயில் இலைக்குள் இறங்காது. இலையின் மூச்சுத் துளைகள் அடைபடும். முந்திரிப் பூவில் படிந்தால் காய் பிடிப்பது கெடும். தொடர்ந்து விழுந்தால் மண்ணில் காரத்தன்மை ஏறும்.

குழி என்ன செய்யும்? நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் குழிக்குள் சேரும். அதை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் இறங்கலாம்.

"அதெல்லாம் கம்பெனிக்காரங்க பார்க்க வேண்டியதுதானே?" என்பீர்கள். வாஸ்தவம். அவர்கள் செய்ய வேண்டியது காகிதத்தில் இருக்கிறது. அதைப் படித்துக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

முதலாவது, கருத்துக்கேட்புக் கூட்டம். 2006-ம் வருஷ மத்திய அரசு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாளைக்கு முன்பே பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். திட்ட அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் ஆபீஸிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். போய்ப் படியுங்கள். எத்தனை அடி ஆழம் தோண்டுவார்கள், இறைக்கிற தண்ணீர் எங்கே போகும், லாரி எந்தப் பாதையில் போகும் என்று பாருங்கள். கூட்டத்தில் பேசக் கூச்சமா? எழுதிக் கொடுக்கலாம். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நாம் சொன்னது அதில் ஏறியிருக்கிறதா என்று கேட்ட பிறகே எழுந்திருங்கள்.

இரண்டாவது, அனுமதி கிடைத்த பிறகு. சுற்றுச்சூழல் அனுமதியில் நிபந்தனைகள் உண்டு. லாரிக்குத் தார்ப்பாய் போடுவது, பாதையில் தண்ணீர் தெளிப்பது, மரம் வளர்ப்பது, புகைபோக்கியில் தூசி வடிகட்டி வைப்பது இவையெல்லாம் பொதுவாக அதில் வரும். நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், கம்பெனி அறிக்கை தர வேண்டும். அது ரகசியமல்ல, யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, மேல்மண். ஒரு சாண் மேல்மண் உருவாகப் பல தலைமுறை ஆகும். சுரங்க விதிப்படி அதைத் தனியே எடுத்துக் குவித்து, தோண்டி முடிந்த இடத்தைச் சீர்படுத்தப் பயன்படுத்த வேண்டும். கழிவுக் கல்லோடு கலந்து கொட்டினால் உடனே மனு கொடுங்கள்.

நான்காவது, சுரங்கம் செலுத்தும் தொகை. 2015 முதல் சுரங்கக்காரர்கள் ராயல்டியோடு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் பணம் கட்டுகிறார்கள். பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிதண்ணீர், சுகாதாரம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கான பணம் அது. தேவையைக் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டுக் கலெக்டருக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாதம் ஒரு தடவை, மோட்டார் போடுவதற்கு முன்னால், காலையில் கயிற்றில் கல் கட்டிக் கிணற்றில் விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். மழை பெய்த நாளையும் இலையில் தூசி படிந்த நாளையும் குறியுங்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் பத்துப் பேர், தூரத்தில் பத்துப் பேர் இப்படி எழுதி வந்தால், மழை குறைந்து தண்ணீர் இறங்கியதா, சுரங்கத்தால் இறங்கியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கும். "கிணறு வற்றிப் போச்சுங்க" என்று வெறுமனே சொன்னால் அதிகாரி கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். தேதியோடு கணக்கை நீட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கிணற்றையும் அளந்து வைப்போம்.