தேடக் கற்றுக் கொடு!

(ராயக்கோட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தக்காளித் தோட்டத்தில் குனிந்தும், ஓசூர் ஆலைகளில் இரவு ஷிப்டு பார்த்தும் நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். அங்கே நூலகம் இருக்கிறது. அதில் வேண்டியதைத் தேடி எடுக்கவும், எடுத்தது மெய்யா பொய்யா என்று சோதிக்கவும் யார் கற்றுக் கொடுக்கிறார்கள்?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். புத்தகத்தைப் பூட்டிக் காப்பது நூலகர் வேலையல்ல என்பது அவர் கொள்கை. வாசகர்களை அலமாரி வரை அனுமதித்தார். தேடுவோருக்கு உடனிருந்து உதவ ஆள் வைத்தார். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே நூலகம் யாரோ இடும் பிச்சையல்ல, நம் சொத்து!

இதனால் நமக்கென்ன பயன்? கூலி உயர்ந்துவிட்டது என்கிறார் ஒருவர். இல்லவே இல்லை என்கிறார் மேஸ்திரி. நம் எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் செல்போனில் புரளி வருகிறது. எதை நம்புவது? படிக்கிற பிள்ளை நான்கு கேள்வி கேட்க வேண்டும். சொன்னது யார்? எந்தத் தேதியில்? மூல அரசாணை எங்கே? பிறகு அது திருத்தப்பட்டதா? அரசிதழைத் தேடி எடுத்துக் காட்டினால் மேஸ்திரியின் வாய் அடங்கும்.

கல்லூரியில் முதலாண்டிலேயே இந்தப் பயிற்சி பாடமாக வேண்டும். நூலகர் இல்லாத நூலகம் கூடாது. இதைக் கேட்டுப் பெறுவோம்!

இன்றிரவே பிள்ளையைக் கேளுங்கள்: இந்த வாரம் என்ன தேடினாய்? அதை எப்படிச் சரிபார்த்தாய்?