பில்லில் கையெழுத்திடும் முன்

இன்று கட்டடப் பொறியாளர்களாகப் பட்டம் பெறும் செல்வங்களே,

உங்களில் பலர் விரைவிலேயே சென்னையில் ஏதோ ஒரு சைட்டில் நிற்பீர்கள். அங்கே கம்பி கட்டுபவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருப்பார். சித்தாளாக மண் சுமக்கும் பெண் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரியாக இருப்பார். கோடிகளில் விலைபோகும் வீட்டைக் கட்டிக்கொண்டே தகரக் கொட்டகையில் குடியிருப்பார்கள்.

இவர்கள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள்? வேலை இல்லாமல் அல்ல. கூலி வரும் வழியைப் பாருங்கள். கம்பெனி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறது, அவர் துணை ஒப்பந்தக்காரருக்கு, அவர் மேஸ்திரிக்கு. ஊரில் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய முன்பணம் முதலில் கழிகிறது. அப்புறம் பல இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் காசு. மீதிக் கணக்கை ஊருக்குக் கிளம்பும்போதுதான் தீர்ப்பார்கள். அந்த மீதி மேஸ்திரி கையில் இருக்கும்வரை கூலி குறைகிறது என்று கேட்க முடியாது, வேறு சைட்டுக்குப் போக முடியாது, சாரம் ஆடுகிறது, ஏறமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. உழைத்துச் சேர்த்த பணமே ஆளைக் கட்டிப்போடுகிறது. இதைவிடக் கொடிய ஏற்பாட்டை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை.

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். கைதானவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் தொழிலில் யாருடைய உயிர் யாருடைய கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996-இல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்றே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இலவசத் தங்குமிடம் தர வேண்டும், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதிக்கு என்று வசூலும் வந்தது. ஆனால் அந்த நிதியில் பயன்பெறப் பதிவு செய்ய, முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது வேலை செய்ததைக் காட்ட வேண்டும். எந்த ஏட்டிலும் பெயரில்லாத ஆள் எதைக் காட்டுவார்? 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியவர்களிலும் அப்படிப் பெயரில்லாதவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் பெயரை எழுதவைக்க உங்களால் முடியும். மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரரின் பில் உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்திடும் முன் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் கூலி ஏறியதா என்று பாருங்கள். பட்டியல் இல்லையென்றால் பில்லைத் திருப்பி அனுப்புங்கள். முதல் மாதம் மேலதிகாரி கோபப்படுவார், வேலை தாமதமாகிறது என்பார். பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் நிற்கும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் பில்லோடு பட்டியலும் வரும்.