அஞ்சறைப் பெட்டியும் வண்ணப்பெட்டிதான்

(ஆசிரியர்களுக்கான கலைப் பயிற்சி முகாமில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓவியப் பாடவேளை வந்தாலே தலைவலி என்பாள். சோம்பல் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். அவளிடம் வண்ணப்பெட்டி இல்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டாள் என்பது ஆண்டு இறுதியில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை, வீட்டில் நான் படம் வரையும் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கடையில் வாங்கிய ஓவியப் பொருள்கள் என்று பார்த்தால் தாள், தூரிகை, வண்ணக்குழாய் அவ்வளவுதான். மற்றவையெல்லாம் வீட்டுப் பொருள்கள். தூரிகை துடைக்கப் பழைய பருத்தி வேட்டி. வண்ணம் குழைக்க ஓட்டையில்லாத பழைய இட்லித் தட்டு. தேர்வு அட்டையில் நான்கு துணிக்கிளிப் மாட்டினால் வரைபலகை.

இதை இல்லாதவர்களின் சமாளிப்பு என்று எண்ண வேண்டாம். கலம்காரிக் கலைஞர்கள் துரு ஏறிய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துத்தான் கறுப்பு வண்ணம் எடுக்கிறார்கள். அவர்களின் எழுதுகோல், கம்பளி நூல் சுற்றிய மூங்கில் குச்சி. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணியை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை பயன்பட்டு வந்திருக்கிறது.

வகுப்பில் நாளையே செய்யக்கூடியவை சில. மெழுகுவர்த்தித் துண்டால் தாளில் கோடிட்டு, மேலே நீர்வண்ணம் பூசுங்கள். மெழுகு நீரை ஏற்காது. கோடுகள் வெண்மையாகத் தெரியும். ஈரமான வண்ணத்தில் உப்புக் கற்களைத் தூவி உலரவிட்டுத் தட்டினால், உப்பு நீரை இழுத்த இடமெல்லாம் விண்மீன்போல் இருக்கும். பழைய பல்துலக்கியை வண்ணத்தில் தோய்த்து விரலால் தெறித்தால் தூறல். மஞ்சள்தூள், கரித்தூள், செங்கல் தூள் ஆகியவற்றை வேலம் பிசின் கரைத்த நீரில் குழைத்தால் மூன்று வண்ணங்கள். மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு நான்காவது. சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே கையாளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். கரியும் செங்கல்லும் நிற்கும். செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பேறும். மேசையில் விரிக்கலாம், காத்து வைக்கவேண்டிய படத்துக்கு ஆகாது. சுவரொட்டி ஒட்டுபவர்கள் பசையில் சேர்க்கும் மயில்துத்தம் நஞ்சு. பிள்ளைகளுக்கான மைதாப் பசையை அன்றன்று காய்ச்சுங்கள். ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயவிடுங்கள். வண்ணம் தொட்ட பாத்திரம் மீண்டும் சமையலறைக்குப் போகக்கூடாது.

ஒரு வேண்டுகோள். "யாரிடம் வண்ணப்பெட்டி இல்லை?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். வகுப்புக்கு ஒரு பொதுப்பெட்டி வையுங்கள். ஆளுக்கொரு வீட்டுப் பொருள் கொண்டுவரட்டும்; வண்ணப்பெட்டி உள்ள பிள்ளையும் அதிலிருந்தே எடுக்கட்டும்.

மறு ஆண்டு எங்கள் பொதுப்பெட்டிக்கு அந்தச் சிறுமி கொண்டுவந்தது, மின்வெட்டின்போது எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு. அதைக்கொண்டு அவள் மழை வரைந்தாள். அதன்பிறகு ஓவியப் பாடவேளையில் அவளுக்குத் தலைவலி வந்ததில்லை.